அம்மாவின் தட்டிலிருந்து சோற்றை எடுக்க வேண்டாம்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 61 வயது. தைப்பூசம் முடிந்த கையோடு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அம்மா ஒரு நாளும் பீடி குடித்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றியவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கீமோ நடக்கிறது. வெள்ளை அரிசிச் சோறும் இட்லியும் சாப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருப்பதாக ஒரு வீடியோ வந்தது. அன்றிலிருந்து அரிசியை நிறுத்திவிட்டோம். அம்மாவுக்கு மூன்று வேளையும் குதிரைவாலிக் கஞ்சிதான். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டார். 'தேவையில்லாத கொழுப்பு கரைகிறது' என்கிறார்கள். 'நான் ஆக்கிப் போட்ட சோறுதான் எனக்கே எமனாயிட்டா' என்று அம்மா அழுகிறார். அண்ணனுக்கு 43 வயது, ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. 'சோத்துலயே கேன்சர் இருக்காம், பீடிய மட்டும் ஏன் சொல்லுதிய' என்று அவன் கேட்கிறான். அவனுக்குக் கேரட் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று மைனி கேட்கச் சொன்னார். என் பிள்ளைகளுக்கும் சோற்றை நிறுத்த வேண்டுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ என்பது சாதாரண விஷயம் இல்லை. இன்றைக்கு மதியமே அம்மாவுக்குச் சோறு போடுங்கள். கீமோ நேரத்தில் எடை இறங்கினால் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. தசை போனால் எழுந்து நடக்கத் தெம்பிருக்காது, நெஞ்சுச் சளியை இருமித் துப்பவும் தெம்பிருக்காது. மருந்தின் பக்கவிளைவுகள் கூடும். டோஸைக் குறைக்கவோ அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ வேண்டிவரும். 'கொழுப்பு கரைகிறது, நல்லது' என்று சொன்னவர்களை அடுத்த கீமோவுக்கு உடன் அழைத்துப் போங்கள். எடை மெஷினைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா சொல்வதை அவர்களும் கேட்கட்டும்.

சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, ஒன்றரை கிராம் கிடைத்தால் நல்லது. அம்மா 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். நீங்கள் கொடுக்கும் கஞ்சியில் முக்கால்வாசி தண்ணீர். மூன்று வேளை குடித்தாலும் இதில் பாதியை எட்டுவது கஷ்டம். குதிரைவாலி மேல் எனக்குக் கோபம் இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைகிற நல்ல தானியம்தான். ஆனால் வாய்க்கசப்போடும் குமட்டலோடும் இருக்கிற மனுஷிக்கு அதையே மூன்று வேளையும் கொடுத்தால் எப்படி இறங்கும்?

அம்மாவுக்கு எது பிடிக்குமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவையாகக் கொடுங்கள். குழைய வடித்த சோறு, அதில் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, தினமும் இரண்டு கொடுக்கலாம். கவிச்சி வாடை ஒத்துக்கொண்டால் சாளை மீன் குழம்பு. ஒத்துக்கொள்ளாவிட்டால் சொதியும் சோறும், அல்லது தயிர்ச்சோறு. உளுந்தங்களி வேண்டும் என்று கேட்டால் தாராளமாகக் கிண்டிக் கொடுங்கள். பழையது மட்டும் கீமோ முடியும்வரை வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்து புளித்த சோறு நல்ல உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அதிலிருக்கும் கிருமியே காய்ச்சலுக்கு வழி செய்துவிடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்கிறீர்கள். கீமோவை ஒட்டி வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது வழக்கம். அந்த இரண்டு மூன்று நாள் சர்க்கரை விறுவிறுவென ஏறும். எந்த மாவுச்சத்து, எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த நாட்களில்தான். வெறும் கஞ்சி, சீனி போட்ட காபி, ஜூஸ் இவற்றைத் தள்ளிவிட்டு, சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் காயையும் முட்டையையும் கூட்டுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாவிட்டால் ஒன்று வாங்கிவிடுங்கள். எண்ணை எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டினால் அவர் மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்.

சரி, அந்த அமெரிக்க ஆராய்ச்சிக்கு வருவோம். அது பொய் இல்லை. வீடியோக்காரர்கள் அதில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டார்கள்.

2016ல் ஹூஸ்டன் நகரத்தின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஆய்வு அது. நுரையீரல் புற்றுநோய் வந்த 1,905 பேரையும் நோயில்லாத 2,413 பேரையும் எடுத்து, யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார்கள். பிறகு ஒவ்வொருவர் உணவுக்கும் கிளைசெமிக் இன்டெக்ஸ் போட்டார்கள். ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கான அளவு இது. 1981ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தது. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள். இந்த எண் அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரிடம், குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 49 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. புகைக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இரண்டு மடங்குக்கும் மேல்.

கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 49 சதவீதம் என்றால் நூற்றில் 49 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் நான்கு பேருக்கு வருகிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 சதவீதம் கூடினால் அது ஆறு பேர். அதுவும் சோறுதான் காரணம் என்று நிரூபணமானால்.

நிரூபணம் ஆகவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் வம்சாவளியினர்) அல்லாத வெள்ளை அமெரிக்கர்கள். அவர்கள் தட்டில் அந்த எண்ணை ஏற்றியவை வெள்ளை ரொட்டி, கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியானவை. அம்பை 16 அரிசி வடித்துச் சாம்பாரும் அவியலும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதை யாரும் அங்கே அளக்கவில்லை. அப்புறம், நோய் வந்த பிறகு போன வருஷம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மனுஷன் சரியாகவா சொல்வான்? உங்கள் அம்மாவிடம் இப்போது கேட்டுப் பாருங்கள், சாப்பிட்டதைவிட இரண்டு மடங்கு சோற்றைச் சொல்வார்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு வேகம் என்பதோடு எவ்வளவு அளவு என்பதையும் சேர்த்துப் போடும் கணக்குக்குக் கிளைசெமிக் லோடு என்று பெயர். மாவுச்சத்துதான் குற்றவாளி என்றால் இந்த லோடு கூடக் கூட நோயும் கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை. பின்னாளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த விவரத்தை வைத்துப் பார்த்தபோதும், இன்டெக்ஸ் கூடியவர்களிடம் ஆபத்து லேசாகக் கூடுதலாகவும், லோடு கூடியவர்களிடம் குறைவாகவும் தெரிந்தது. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. முழுத் தானியமும் பயறும் பழமும் நிறையத் தின்கிறவர்களுக்கும் லோடு கூடும் என்பதை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மாவுச்சத்தின் அளவை விட அது எதோடு வருகிறது என்பதுதான் இங்கே ஏதாவது சொல்கிறது.

இன்சுலின் கதையையும் அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள். சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறும், இன்சுலின் மாதிரியான வளர்ச்சிக் காரணிகள் தூண்டப்படும், அவை செல்களைப் பெருக வைக்கும் என்பது அந்த வாதம். யோசித்துப் பார்க்கத் தகுந்த வாதம்தான். ஆனால் அது அவ்வளவு வலுவான காரணமாக இருந்தால் சர்க்கரை நோயாளிகளிடம் நுரையீரல் புற்றுநோய் குவிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயோடு கல்லீரல், கணையம், கருப்பைப் புற்றுநோய்களுக்குத் தெளிவான தொடர்பு உண்டு. நுரையீரலுக்கு அப்படி ஒரு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை.

'சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்' என்பதும் இதன் பங்காளிக் கதை. உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனில் குளுக்கோஸைச் சேர்த்த மருந்தைச் செலுத்தினால் கட்டி பளிச்சென்று தெரிவது உண்மை. ஆனால் நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும், தேவைப்பட்டால் தசையைக் கரைத்தாவது. பட்டினி கிடப்பது அம்மாதான், கட்டி இல்லை.

இனி அண்ணன் கேள்வி. நல்ல கேள்விதான். இரண்டும் ஆராய்ச்சி, இரண்டும் சதவீதம், ஒன்றை நம்பி இன்னொன்றை ஏன் நம்பக் கூடாது?

பீடி, சிகரெட் மேல் விழுந்த பழியும் முதலில் இதே மாதிரி ஆய்வில்தான் தொடங்கியது. 1950ல் லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1951ல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பி, சுமார் நாற்பதாயிரம் பேரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். ஆண் டாக்டர்களை மட்டும் அரை நூற்றாண்டு கவனித்தார்கள். அதிகம் குடித்தவர்களுக்கு அதிக நோய், குறைவாகக் குடித்தவர்களுக்குக் குறைவு, விட்டவர்களுக்கு வருஷம் போகப் போக ஆபத்தும் இறங்கியது. எந்த நாட்டில் பார்த்தாலும் இதே விடை. சிகரெட் குடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 15 முதல் 30 மடங்கு. சோற்றுக்குச் சொல்லப்படுவது ஒன்றரை மடங்கு, அதுவும் அடுத்த ஆய்வில் தேய்ந்துபோகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அண்ணனே சொல்லட்டும்.

பீடி சின்னதுதானே என்பார். அதில் வடிகட்டி கிடையாது, சுற்றின இலை காற்றை விடாது, அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுளகை மடியில் வைத்து, கத்தரியில் இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டியவர் அவர். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பீடிக் காசில்தான் பிள்ளைகள் படித்து மேலே வந்திருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பீடி குடிப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவுக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணனுக்குச் சொல்ல நல்ல செய்தியும் அந்த டாக்டர்கள் ஆய்விலேயே இருக்கிறது. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஒன்பது வருஷம் திரும்பக் கிடைத்தது, 50ல் விட்டவர்களுக்கு ஆறு. அண்ணனுக்கு 43. தனியாக விட முடியாவிட்டால் 1800 11 2356 என்ற எண்ணில் புகையிலையை விட உதவும் தேசிய இலவச சேவை இருக்கிறது, தமிழிலும் பேசலாம். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். அதை வாயில் அடக்கி மெதுவாக மெல்ல வேண்டும். மிட்டாய் மாதிரி சவைத்து விழுங்கிவிட்டு 'விக்கல்தான் வருது, வேலைக்காகல' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மைனி கேட்ட கேரட் மாத்திரை வேண்டவே வேண்டாம். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஒரு காலத்தில் ஆய்வுகள் சொல்லின. அதற்குக் காரணம் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின்தான் என்று நம்பி, பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994ல் விடை வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த சோதனையில் 28 சதவீதம் அதிகமாகவே, 1996ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேரட்டைப் பொரியல் வைத்துக் கொடுங்கள், புகைக்கிறவருக்கு அதை மாத்திரையாகக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டு ஆய்வில் 'தொடர்பு இருக்கிறது' என்பதற்கும் 'இதுதான் காரணம்' என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குக் காட்டியது இந்த இரண்டு சோதனைகள்தான். சோறு பற்றிய வீடியோவுக்கும் அது பொருந்தும்.

அம்மாவுக்கு ஏன் வந்தது என்று யாராலும் ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் புகைக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது நம் நாட்டில் அபூர்வம் இல்லை. விறகடுப்புப் புகையில் வெந்த வருஷங்கள் ஒரு பக்கம். வீட்டு ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து விட்ட புகை இன்னொரு பக்கம். அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாலேயே ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. எதுவுமே இல்லாமல், ஒரு செல்லின் மரபணுவில் தானாக நேரும் கோளாறும் உண்டு. அம்மா ஆக்கிப் போட்ட சோறு இந்தப் பட்டியலில் வராது என்பதை அவரிடம் நேரே உட்கார்ந்து சொல்லுங்கள். 'டாக்டர் எழுதியிருக்கார்' என்று சொல்லியே சொல்லுங்கள்.

புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. பயாப்ஸி சதையில் அந்தச் சோதனை செய்திருக்கிறார்களா என்று அடுத்த முறை கேளுங்கள். பெரும்பாலும் செய்திருப்பார்கள், இருந்தாலும் கேட்பதில் தப்பில்லை.

பிள்ளைகள் சோறு சாப்பிடட்டும். சோற்றைத் தனியாகக் குவித்து ஒரு ஓரத்தில் குழம்பு என்று இல்லாமல், பாதித் தட்டு காயும் பயறுமாக இருந்தால் போதும். நுரையீரலை விடுங்கள், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது நல்லது என்பதில் சந்தேகம் கிடையாது. 2008ல் வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளைச் சோற்றின் கிளைசெமிக் இன்டெக்ஸ் சராசரி 73. சிறுதானியக் கூழுக்கு 67. நீங்கள் அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சியதில் மிச்சமானது ஆறு புள்ளிதான். அதே அட்டவணையில் கொண்டைக்கடலைக்கு 28, பருப்புக்கு 32. அரிசியை மாற்றுவதைவிட அதோடு என்ன சேர்க்கிறோம் என்பதில்தான் ஆதாயம். நம் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. தோலோடு கறுப்பு உளுந்து, அரிசி, தேங்காய், பூண்டு போட்டு வடித்து, எள்ளுத் துவையலும் அவியலும் வைத்துக்கொண்டால் நாரும் புரதமும் எண்ணெயும் சேர்ந்து சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். கூட்டாஞ்சோறும் அப்படியே, முருங்கைக்கீரையைக் கை நிறைய அள்ளிப் போட்டால். சீனிக்குப் பதில் கருப்பட்டி என்றால் கணக்கில் வராது என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம், அதுவும் சர்க்கரைதான். அல்வா தீபாவளிக்குச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது.

நாருக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வும் உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவில் 14 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காக இதை மட்டும் முழுசாக நம்பிவிட முடியாது, இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், சோதனை இல்லை. ஆனால் கீரையும் பயறும் தின்று யாரும் நஷ்டப்பட்டதில்லை.

கடைசியாக அண்ணனுக்கு ஒன்று. வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டால் பயமில்லை என்று பீடியைத் தொடர வேண்டாம். எக்ஸ்ரேயால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று 2011லேயே தெரிந்துவிட்டது. குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் உதவும், ஆனால் அது 50 வயதைத் தாண்டி, நிறைய ஆண்டுகள் புகைத்தவர்களுக்கு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, குரல் கம்மி அப்படியே நின்றுவிட்டாலோ 'பீடி இருமல்தான்' என்று விடாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள். முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்வார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. காலையில் வெறும் வாயோடு எடுத்த சளியாக இருந்தால் நல்லது.